எட்டுத் தெரு தள்ளி

ஆகஸ்டுக் கடைசியில் கல்லூரி திறக்கிற அன்றைக்கு லிண்டன் ஊர்க்காரர்கள் யாரும் கார் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற வெளியூர்ப் பெற்றோர்கள் ஒருவழித் தெருவில் எதிர்ப்பக்கமாக வண்டியை விட்டுக்கொண்டு வந்து, தப்பு நம்முடையது என்பதுபோல ஹாரன் அடிப்பார்கள். கூரைமேல் மெத்தை, பின்சீட்டில் குட்டி ஃபிரிட்ஜ், முன்சீட்டில் அழுதுகொண்டே ஒரு அம்மா. வருஷா வருஷம் இதே கூத்துதான்.

இந்த வருஷம் அந்த வரிசையில் கர்ட் கெஸ்லரின் பிக்கப் வண்டியும் நின்றது. முன்னால் நின்ற கார் கிழக்குக் கடற்கரையில் இருக்கிற கனெக்டிகட்டிலிருந்து வந்தது, பின்னால் நின்றது ஜார்ஜியாவிலிருந்து. கர்ட் எட்டுத் தெரு தள்ளியிருந்து வந்திருந்தான். முதல் வருஷப் பிள்ளைகள் விடுதியில்தான் தங்கவேண்டும் என்பது கல்லூரிச் சட்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளையானாலும் அதே சட்டம்தான். மகள் டெசாவின் சாமான்களை வண்டியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான். எட்டுத் தெருவுக்கு அவ்வளவு கட்டு தேவையில்லைதான். ஆனால் கர்ட் நகராட்சியில் ரோடு வேலை பார்ப்பவன். கோடையில் குழி அடைப்பான், குளிரில் பனி தள்ளுவான். கட்டாத சுமையோடு வண்டியைக் கிளப்ப அவனுக்கு மனசு வராது.

கதவோரம் உட்கார்ந்திருந்தாள் கர்ட்டின் மனைவி ரோண்டா. அந்தக் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் சமைக்கிறாள், பரிமாறுகிறாள், ஆள் குறைந்த நாளில் பாத்திரமும் தேய்க்கிறாள். அங்கே வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு கிடையாது. மகள் தொட்டிலில் கிடந்தபோதே இந்த ஒரு நாளை நினைத்துத்தான் அவள் அந்த வேலையில் சேர்ந்தாள். நினைத்த நாள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அவள் யோசித்து வைக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது," என்றாள் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த டெசா.

"கோவிச்சுக்கற மாதிரி இருந்தாக் கோவிச்சுக்குவேன். சொல்லு."

"சாப்பாட்டுக் கூடத்துல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

"தெரிஞ்ச மாதிரின்னா?"

"நீ எல்லாப் பிள்ளைங்களையும் கண்ணு கண்ணுங்கறே. மூக்கைச் சிந்துங்கறே, கோட்டுப் பட்டனைப் போடுங்கறே. அவங்களுக்கு அது பிடிக்கும், ஏன்னா நீ அவங்க அம்மா இல்ல. எனக்கு யாருக்குமே என்னைத் தெரியாத ஒரு இடம் வேணும்மா. இந்த ஊர்ல எல்லாருக்கும் என்னைப் பத்தி எல்லாமே தெரியும். மளிகைக் கடைக்காரருக்கு எனக்கு எப்பப் பல்லு விழுந்துச்சுன்னு தெரியும்."

"மேல் பல்லு. ஈஸ்டருக்கு முந்தின நாள்," என்றான் கர்ட்.

"பாத்தியா?"

ரோண்டா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். கனெக்டிகட் கார் ஒரு முழம் நகர்ந்து நின்றது. அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதை அவள் கிளறிப் பார்க்கவில்லை.

"சரி," என்றாள். "நீ யாரோ, நான் யாரோ. அவ்வளவுதானே? நான் சொன்னாச் சொன்னதுதான். அப்புறம் நீயே வந்து கெஞ்சினாலும் எனக்கு உன்னைத் தெரியாது."

"நான் ஏன் கெஞ்சப் போறேன்," என்றாள் டெசா.

விடுதி வாசலில் மற்ற அம்மாக்கள் மேலே போய் மெத்தை விரித்துக் கொடுத்தார்கள். ரோண்டா வண்டியை விட்டு இறங்கவில்லை. கர்ட்தான் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கினான். வீட்டுக்கு வந்ததும் அவள் சமையலறைத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

"எட்டுத் தெருவுக்கு இவ்வளவு அழுகையா," என்றான் கர்ட். "நம்ம மாடி ஜன்னல்லேருந்து பாத்தாலே அவ ரூம் தெரியும்."

"பாத்தியா நீ?"

"பாத்தேன். இன்னும் திரை போடலை."

கல்லூரிச் சமையலறையில் வேலை விடியுமுன்னே தொடங்கிவிடும். வாளி வாளியாக முட்டை உடைக்கவேண்டும், அடுப்பில் தட்டுத் தட்டாகப் பன்றி இறைச்சி முறுகவேண்டும், காப்பி அண்டா கொதிக்கவேண்டும். ஆவியில் கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் தெரியாது, ஈரத்தரையில் ரப்பர் செருப்பு இல்லாதவர்களுக்குக் கால் நிற்காது. தலைமைச் சமையல்காரர் மெர்ல், ஆறடி உயரம், கதவில் குனிந்துதான் நுழைவார். ரொட்டி, கேக்கெல்லாம் லூ ஆனின் பொறுப்பு. ரோண்டாவும் அவளும் பள்ளியில் ஒரே பெஞ்சு.

ரோண்டா நடந்ததைச் சொன்னதும் லூ ஆன் மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "நம்ம பொண்ணை நமக்குத் தெரியாதா? ஆகட்டும்டி. தெரியாதுன்னா யாருக்குமே தெரியாது. மெர்ல், உங்களுக்கு டெசான்னு யாரையாவது தெரியுமா?"

"பேரே கேள்விப்பட்டதில்லை," என்றார் மெர்ல்.

முதல் நாள் மதியமே டெசா தட்டோடு வரிசையில் வந்தாள். அவளுக்கு முன்னால் நின்ற பையனைப் பார்த்து ரோண்டா, "வா கண்ணு, இன்னொரு துண்டு வச்சுக்கோ, எலும்பா இருக்கே," என்றாள். பிறகு கரண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அடுத்தது யாருங்க? உங்களுக்கு என்னங்க வேணும்?"

"கோழி," என்றாள் டெசா.

"காலாங்க, நெஞ்சாங்க?"

டெசா குரலைத் தாழ்த்தினாள். "உனக்குத் தெரியும்."

"எனக்கு எப்படிங்க தெரியும்? இப்பத்தானே உங்களைப் பாக்கறேன்."

பின்னால் மெர்லின் கையிலிருந்து ஒரு மூடி விழுந்து உருண்டது. டெசா கிடைத்த நெஞ்சுத் துண்டை வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்குக் கால்தான் பிடிக்கும்.

அன்று தொடங்கி சமையலறை மொத்தமும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. கொஞ்சம் அளவுக்கு மீறியே காப்பாற்றியது. யாருக்கும் வாரி வழங்குகிற லூ ஆன், டெசா வந்தால் மட்டும் கேக்கை அளவெடுத்து வெட்டுவாள். மெர்ல் அவளுக்குக் குழம்பு ஊற்றும்போது கரண்டியை விளிம்பில் ஒருமுறை தட்டி, வழிவதைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமை தோறும் நகராட்சி லாரியில் விடுதிக்கு வந்து மகளின் அழுக்குத் துணியை வாங்கிக்கொண்டு போகிற கர்ட்தான் புகார் கேட்கிற ஆள்.

"எனக்கு மட்டும் சின்னத் துண்டாத் தர்றாங்கப்பா."

"யாரு?"

"எல்லாரும். அம்மாகிட்டச் சொல்லு."

"எந்த அம்மா? உனக்கு அங்க யாரையும் தெரியாதே," என்று சொல்லிவிட்டு கர்ட் மூட்டையை லாரியில் போட்டுக்கொண்டு போனான். வீட்டுக்கு வந்து அதை அப்படியே ரோண்டாவிடம் ஒப்பித்தான். ரோண்டா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மகளின் சட்டைகளை மடித்தாள், மடித்ததில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப மடித்தாள்.

டெசாவோடு அறையில் இருந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி இமானி, ஜார்ஜியாக்காரி, யாரைப் பற்றியும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவாள். இன்னொருத்தி மார்கோ. அன்றைக்கு வரிசையில் முன்னால் நின்ற கனெக்டிகட் கார் அவளுடையதுதான். மார்கோவுக்கு வீட்டு ஏக்கம். இரண்டாம் வாரம் அவள் தட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். ரோண்டா அந்தத் தட்டைப் பார்த்தாள், பிள்ளையையும் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் இரண்டு ரொட்டியை வாட்டி வெண்ணெய் தடவிக் கையில் கொடுத்தாள்.

அதன்பிறகு எல்லோரும் போய் மேசை துடைக்கிற நேரத்தில் மார்கோ வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"ரோண்டாம்மா, இங்க ராத்திரியெல்லாம் என்ன ஒரே இரைச்சல்?"

"அது சோளம் காய வைக்கற மெஷின் கண்ணு. அறுப்பு முடிஞ்சதும் நின்னுடும். நின்னப்புறம் எங்களுக்குத் தூக்கம் வராது."

"எங்க ஊர்ல கடல் சத்தம்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான். கண்ணை மூடிக்கிட்டுக் கேளு."

இந்தப் பேச்செல்லாம் மார்கோ வழியாக அறைக்கும் போகும். ரோண்டாம்மா இப்படிச் சொன்னாங்க, ரோண்டாம்மா அப்படிச் சொன்னாங்க. ஒருநாள் மார்கோ, "நாளைக்கு எனக்கு வேதியியல் பரீட்சைன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு முட்டை வேகவச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க," என்றபோது, டெசா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எனக்கும்தானே நாளைக்குப் பரீட்சை."

"நீ சொன்னியா அவங்ககிட்ட?"

"நான் ஏன் சொல்லணும்?" என்றாள் டெசா. இமானி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் புத்தகத்தைத் திறந்தாள்.

அக்டோபர் நடுவில் முதல் உறைபனி விழுந்தது. புல்லெல்லாம் வெளுத்து, காலை வைத்தால் நொறுங்கியது. அந்தக் குளிர் வந்த அன்றைக்குச் சில்லி வைப்பது மெர்லின் வழக்கம். கொத்துக்கறியும் ராஜ்மாவும் தக்காளியும் மிளகாயும் போட்டு விடியற்காலையிலிருந்து கொதிக்கும். கூடவே லூ ஆன் பட்டைத்தூள் தூவிச் சுட்ட இனிப்பு ரோல், மேலே சர்க்கரைப் பாகு வழிய. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இரண்டையும் ஒரே தட்டில் போடுவார்கள். இனிப்பு ரோலைப் பிய்த்துக் காரக் குழம்பில் தோய்த்துத் தின்று வளர்ந்த பிள்ளைக்கு அதில் ஒரு விசேஷமும் கிடையாது. வெளியூர்க்காரர்கள்தான் முகம் சுளிப்பார்கள்.

இத்தனை வாரமும் டெசா எச்சரிக்கையாகத்தான் இருந்தாள். உள்ளூர்த் தெருப் பெயர் ஒன்றைக்கூட வாயிலிருந்து விடவில்லை. அன்றைக்குக் குளிர், பசி, தட்டிலிருந்து ஏறுகிற அந்த மணம். அவள் பாட்டுக்கு ரோலைப் பிய்த்தாள், தோய்த்தாள், வாயில் போட்டாள்.

"ஏய், என்னடி பண்றே?" என்றாள் இமானி.

"என்ன?"

"கேக்கைக் கொண்டுபோய்க் கறிக்குழம்புல முக்கறே."

பக்கத்து மேசையிலிருந்து அந்தப் பக்கத்துக்காரனான ஒரு நெப்ராஸ்காப் பையன் திரும்பினான். "அப்படித்தான் சாப்பிடணும். வேற எப்படிச் சாப்பிடறதாம்? நீ எந்த ஊரு?"

பரிமாறுகிற இடத்தில் ரோண்டாவின் கரண்டி நின்றது. லூ ஆன் அடுப்புக் கதவைத் திறந்தவள் மூட மறந்து நின்றாள்.

"பக்கத்துலதான்," என்றாள் டெசா.

"பக்கத்துலன்னா?"

"பக்கத்துலதான். சும்மா சாப்பிடுடா."

மார்கோ தன் ரோலில் ஒரு ஓரத்தைக் கிள்ளித் தோய்த்துப் பார்த்தாள். "அட, நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு அந்த மேசையில் எல்லோரும் தோய்த்தார்கள், அடுத்த மேசையிலும் தோய்த்தார்கள், லூ ஆனின் ரோல் தட்டு காலியாயிற்று. ஊர் கேட்டது யாருக்கும் நினைவில்லை.

ரோண்டா குளிர்பதன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். யாரும் கேட்காத வெண்ணெய்ப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பொய் சொல்லலையே அவ," என்றாள் லூ ஆன் மெதுவாக. "எட்டுத் தெருன்னாப் பக்கம்தானே."

"பக்கம்தான். நான் ஒண்ணும் சொல்லலையே."

"வெண்ணெய் எதுக்குடி?"

"தெரியலை," என்றாள் ரோண்டா.

மாதக் கடைசியில் குடும்ப வார இறுதி வந்தது. அந்தச் சனிக்கிழமை பெற்றோர்கள் எல்லோரும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அன்றைக்கு வரிசை கிடையாது, மேசைக்கு மேசை தட்டோடு கொண்டுபோய் வைக்கவேண்டும். சாப்பாட்டுக்கு நடுவில் மைக் மேசை மேசையாகப் போகும். பிள்ளை எழுந்து நின்று தன் பேரும் ஊரும், கூட வந்திருப்பது யார் என்பதும் சொல்லவேண்டும். கூடமே கைதட்டும். ரோண்டா வருஷா வருஷம் அதைப் பார்த்திருக்கிறாள். எந்தப் பிள்ளைக்குக் குரல் உடையும், எந்த அப்பா கண்ணைத் துடைப்பார் என்று பந்தயம் கட்டுவது அவளும் லூ ஆனும்தான்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் மேசை துடைக்கிற நேரத்தில் மார்கோ வந்தாள்.

"அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிடுச்சு ரோண்டாம்மா. ரெண்டு பேரும் வரலை. சனிக்கிழமை நீங்க எங்கூட உக்காருவீங்களா? எங்க அம்மா இடத்துல. மேனேஜர்கிட்டக் கேட்டுட்டேன், சரின்னுட்டார்."

ரோண்டா துணியைப் பிழிந்தாள். "எந்த மேசை கண்ணு?"

"ஜன்னலோரம். நானு, இமானி, டெசா. இமானியோட அப்பா வர்றார். டெசா வீட்ல ரெண்டு பேருக்கும் அன்னைக்கு வேலையாம்."

மாலையில் கர்ட்டுக்குச் சூப் ஊற்றியவள் தனக்கு ஊற்றாமலே உட்கார்ந்தாள்.

"போயேன்," என்றான் கர்ட். "பிள்ளை வாய் விட்டுக் கேட்டிருக்கா."

"என் பொண்ணு பக்கத்துல உக்காந்துக்கிட்டு இன்னொருத்திக்கு அம்மாவா இருக்கறதா?"

"இப்ப மட்டும் என்ன, யாருக்கும் அம்மாவா இல்லாமத்தானே கரண்டியோட நிக்கறே."

"நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதன்னுதானே சொன்னா. உக்காராதன்னு சொல்லலையே. போர்டுல எழுதியிருக்கறது எதுவோ அதான் சட்டம்." இருபது வருஷமாக ரோட்டில் போர்டு நடுகிறவன் பேச்சு அது.

ரோண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மைக்கு அவகிட்ட வரும் கர்ட். அவ எந்திரிச்சு நின்னு, எங்க வீட்லேருந்து யாரும் வரலைன்னு சொல்லுவா. நான் அங்கேயே உக்காந்து அதைக் கேக்கணும். தூர நின்னு கேட்டாத் தாங்கிக்குவேன். பக்கத்துல உக்காந்து என்னால முடியாது."

கர்ட் தன் சூப்பை அவள் பக்கம் நகர்த்தினான். "முடியாதுன்னாப் போகாத," என்றான். "ஆனா அந்தக் கனெக்டிகட்டுப் பொண்ணும் எந்திரிச்சு அதையேதான் சொல்லணும்."

அதற்கு மேல் அவளால் மறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை மெர்ல் தட்டுத் தட்டாகப் பாலாடையும் பன்றித் தொடைக்கறியும் போட்ட உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினார். ரோண்டா இருட்டோடு வந்து சீவியது அது. பந்தி தொடங்குகிற நேரத்தில் அவர் அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். "ஏப்ரனைக் கழட்டு. இன்னைக்கு நீ விருந்தாளி." லூ ஆன் அவளைத் துணி மாற்றும் அறைக்கு இழுத்துப் போய், முடியில் கட்டியிருந்த வலையைக் கழற்றித் தலையை வாரி, தன் லிப்ஸ்டிக்கையும் பூசிவிட்டாள்.

"கண்ணு சிவந்திருக்குடி உனக்கு."

"உருளைக்கிழங்கு சீவினது."

"ஆமாமா," என்றாள் லூ ஆன்.

நீலச் சட்டையில் ரோண்டா ஜன்னலோர மேசைக்கு வந்தபோது டெசா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்த தம்ளரை அவள் கீழே வைக்கவே இல்லை. மார்கோ எழுந்து ரோண்டாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். "இவங்கதான் இன்னைக்கு எனக்கு அம்மா," என்று இமானியின் அப்பாவிடம் சொன்னாள். அவர் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், நிதானமான மனிதர், யாரைக் கண்டாலும் ஊர் விசாரிக்கிற பழக்கம் இன்னும் விடவில்லை.

"உனக்கு எந்த ஊரும்மா?" என்று டெசாவைக் கேட்டார்.

"பக்கத்துலதாங்க."

அவர் ரோண்டா பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் பிள்ளைங்க உண்டுங்களா?"

"ஒரு பொண்ணுங்க."

"என்ன பண்றா?"

"படிக்கிறா. விடுதியில இருக்கா."

"ரொம்பத் தூரமோ?"

"பக்கத்துலதாங்க," என்றாள் ரோண்டா.

"அப்ப அடிக்கடி வருவா."

"அவ வரமாட்டா. துணி வரும்."

டெசாவுக்குப் புரை ஏறிற்று. இமானி அவள் முதுகில் தட்டினாள், தேவைக்குக் கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

மெர்ல் தானே வந்து உருளைக்கிழங்குத் தட்டை மேசை நடுவில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனார். விளிம்பெல்லாம் பொன்னிறமாக முறுகி, நான்கு மூலையும் கரகரவென்று கருத்திருந்தது. அந்த மூலைக்குத்தான் வீடுகளில் சண்டை. ரோண்டா கரண்டியால் ஒரு மூலையைப் பெயர்த்து, உடையாமல் தூக்கி, மார்கோவின் தட்டில் வைத்தாள். "சாப்பிடு கண்ணு."

"அது என்னோடது," என்றாள் டெசா.

மார்கோ நிமிர்ந்தாள். "எது?"

"மூலை. மூலை எப்பவும் எனக்குத்தான்."

"இன்னும் மூணு மூலை இருக்குங்க," என்றாள் ரோண்டா. "உங்களுக்கு வேணும்னா வைக்கட்டுங்களா?"

"ங்க போட்டுப் பேசாதம்மா," என்றாள் டெசா. அவள் கண் நிறைந்துவிட்டது. "ரெண்டு மாசமா ங்க ங்கன்னு. எனக்கு மட்டும் நெஞ்சுத் துண்டு, எனக்கு மட்டும் சின்னத் துண்டு. அவளுக்கு முட்டை வேகவச்சுக் குடுக்கறே. எனக்கும்தானே பரீட்சை இருந்துச்சு."

ரோண்டா கரண்டியைத் தட்டில் வைத்தாள். விளையாட்டாகச் சொல்லத்தான் நினைத்தாள், குரல் விளையாட்டுக்கு ஒத்துழைக்கவில்லை. "நீங்க யாருங்க? கெஞ்சினாலும் தெரியாதுன்னு நான் வாக்குக் குடுத்தவ."

"கெஞ்சறேன்மா."

"அப்பாடா," என்று பெருமூச்சு விட்டாள் இமானி. "எத்தனை நாளைக்குத்தான் தெரியாத மாதிரியே இருக்கறது."

டெசா அவளைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"செவ்வாக்கிழமையானா லாரி வருது, கதவுல ஊர்ப் பேரு. துணிப்பையில கெஸ்லர்னு எழுதியிருக்கு. அவங்க ஏப்ரன்ல ரோண்டா கெஸ்லர்னு தைச்சிருக்கு. இதுக்கு மேல என்னடி தெரியணும்? விடுதி பூராத் தெரியும். உங்க ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை, பேச்சுவார்த்தை இல்லைன்னு நினைச்சோம். கேட்டா மனசு கஷ்டப்படும்னு கேக்கலை."

"அதான் ஒரே மேசையில உக்கார வச்சா சரியாயிடும்னு நினைச்சேன்," என்றாள் மார்கோ. பிறகு அவசரமாகச் சொன்னாள், "எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு ரோண்டாம்மா. அது பொய் இல்லை."

"சண்டையா?" ரோண்டாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாங்க எதுக்குச் சண்டை போடறோம்? எங்க வீட்ல ஒரு சண்டையும் கிடையாது. சொல்லு டெசா."

டெசா மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சண்டை இல்லை. எனக்கு வெக்கமா இருந்துச்சு. எல்லாரோட அம்மாவும் டாக்டர், வக்கீல்னு சொன்னாங்க. நீ கரண்டியோட நிக்கறே. அதான்."

இமானியின் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். ரோண்டாவுக்கு வலித்தது. இரண்டு மாதமாகத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் வாயால் கேட்டபோது நன்றாகவே வலித்தது. கூடவே நெஞ்சில் ஏதோ இறங்கி இலேசாகவும் ஆயிற்று. மகள் கடைசியில் தன்னிடம்தான் சொல்கிறாள், துணிமூட்டை வழியாக இல்லை.

"எனக்குத் தெரியாதா அது," என்றாள். "வண்டியில நீ கோவிச்சுக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்சப்பவே தெரியும். நெஞ்சுத் துண்டு குடுத்தது வேணும்னேதான். முட்டை விஷயம் எனக்குத் தெரியாது, நீ சொல்லலை." இன்னொரு மூலையைப் பெயர்த்து மகள் தட்டில் வைத்தாள். "சாப்பிடு, ஆறுது."

டெசா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டாள். அவள் வாயில் அது கரகரத்ததை மேசையே கேட்டது.

மைக் அந்த மேசைக்கு வந்தது. இமானி தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள், அவர் எழுந்து நாலா பக்கமும் வணங்கிவிட்டு உட்கார்ந்தார். பிறகு மைக்கை டெசாவிடம் நீட்டினார்கள். அவள் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு எழுந்தாள். ரோண்டா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டெசா கெஸ்லர்," என்றாள். "இந்த ஊர்தான். இங்கேருந்து எட்டுத் தெரு தள்ளி, தானியக் கிடங்குக்குப் பின்னால. அப்பா இன்னைக்கு உங்க கார்களுக்கெல்லாம் வழி காட்டிக்கிட்டு வெளிய நிக்கறார். இது எங்க அம்மா. நீங்க இப்பச் சாப்பிட்டுக்கிட்டிருக்கற கிழங்கு அவங்க சீவினது."

"இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் எனக்கும் அம்மா," என்றாள் மார்கோ உட்கார்ந்தபடியே.

கூடம் கைதட்டியது. சமையலறை வாசலில் மெர்ல் குனிந்து நின்று காலித் தட்டைக் கரண்டியால் அடித்தார். லூ ஆன் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். கூட வந்தவரும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்பது வழக்கம், அதனால் மைக் ரோண்டாவின் கைக்கு வந்தது. அவள் எழுந்து நின்றாள். இத்தனை வருஷமாக இந்தக் கூடத்தில் அவள் குரல் பரிமாறுகிற இடத்தைத் தாண்டிப் போனதில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஆகஸ்டிலிருந்து நேராகப் பார்க்காமலே இருந்த முகம் அது. பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

"கண்ணு," என்றாள் ரோண்டா. நாலு மூலை ஒலிபெருக்கியிலும் அது கேட்டது. "முடியைக் கொஞ்சம் காதுக்குப் பின்னால ஒதுக்கும்மா, முகமே தெரியலை. இந்தக் குளிர்ல இவ்வளவு மெல்லிசாவா சட்டை போடுவாங்க? அப்பாகிட்டக் குடுத்தனுப்பின ஸ்வெட்டர் என்னாச்சு?"

கூடம் முழுக்கச் சிரித்தது. வந்திருந்த அம்மாக்கள்தான் அதிகம் சிரித்தார்கள். டெசா கழுத்து வரைக்கும் சிவந்துபோனாள்.

"இதுக்குத்தாம்மா," என்றாள். "இதுக்குத்தான் நான் அன்னைக்கே வண்டியில சொன்னேன்."

சொல்லிவிட்டு, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.